விதை குடிக்கும் நீர்: 'இம்பைப்' என்னும் ஒரு வினைச்சொல்

பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாளின் முதல் மூன்று வினாக்கள் இணைச்சொல் கேட்பவை. அடுத்த மூன்று எதிர்ச்சொல் கேட்பவை. இந்த ஆறு மதிப்பெண்களுக்காக நம் பிள்ளைகள் ஆண்டு முழுவதும் பட்டியல் மனப்பாடம் செய்கிறார்கள். இடப்பக்கம் ஒரு சொல், நடுவில் சமக்குறி, வலப்பக்கம் இன்னொரு சொல். 'இம்பைப்' என்பதற்கு நேராக 'ட்ரிங்க்' என்று இருக்கும். சில பட்டியல்களில் 'அப்சார்ப்' என்று இருக்கும். இரண்டும் சரிதான். இரண்டுக்கும் இடையே என்ன உறவு என்பதை மட்டும் பட்டியல் சொல்லாது.

தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமப்புற உயர்நிலைப் பள்ளி ஒன்றில் நான் ஆங்கிலம் கற்பிக்கிறேன். என் மாணவர் ஒருவர் கட்டுரை ஏட்டில் இப்படி எழுதியிருந்தார்: 'ஆஃப்டர் தி மேட்ச் ஐ இம்பைப்டு டூ கிளாசஸ் ஆஃப் வாட்டர்.' இலக்கணப்படி குறை சொல்ல ஒன்றுமில்லை. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் மூன்றும் சரி. இறந்தகால விகுதியும் சரி. ஆனாலும் ஆங்கிலம் அறிந்தவர் இதைப் படித்தால் சிரிப்பார். ஏன் என்பதை அவருக்குப் புரியவைக்க நான் தமிழில் ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதினேன்: 'விளையாடி முடித்ததும் இரண்டு தம்ளர் தண்ணீரை மாந்தினேன்.' வகுப்பு முழுவதும் சிரித்தது. 'மாந்துதல்' என்றாலும் குடித்தல்தானே, ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டேன். "அது செய்யுள்ல வர்ற வார்த்தை சார், கிரவுண்டுல சொல்ல மாட்டாங்க" என்றார் ஒரு மாணவி. அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காவிரிப் படுகையில் வளரும் பிள்ளைக்கு இந்தச் சொல்லின் பொருள் முழுவதும் ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. வயலில், அடுப்படியில், தமிழ் வகுப்பில் எல்லாம் அது கிடக்கிறது. ஆங்கில ஒலியை மட்டும் அதன்மேல் ஒட்டினால் போதும்.

முதலில் சொல்லின் பிறப்பு. இலத்தீன் மொழியில் 'பிபெரெ' என்றால் குடித்தல். அதன் முன் 'உள்ளே' என்று பொருள்படும் 'இன்' சேர்ந்து 'இம்பிபெரெ' ஆயிற்று. அடுத்து வரும் பகரத்துக்காக னகரம் மகரமாகத் திரிந்தது. நம் புணர்ச்சி விதிகளைக் கற்ற பிள்ளைக்கு இதில் வியப்பு இராது. உள்ளே குடித்தல் என்பதே நேர்ப்பொருள். 'பெவரேஜ்' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததுதான். ஆங்கிலத்துக்குள் இந்த வினை நுழைந்தபோது மனிதர் குடிப்பதைவிட, ஒரு பொருள் ஈரத்தில் ஊறுவதையே அது முதலில் குறித்தது. அறிவையும் பண்பையும் உள்வாங்குவது, நீர்மங்களைக் குடிப்பது, குறிப்பாக மது அருந்துவது ஆகிய பொருள்கள் அதன் மேல் படிந்தன. நம் பட்டியல்கள் 'ட்ரிங்க்' என்பதை முதலில் வைப்பதால் பிள்ளை தவறான கதவு வழியாக வீட்டுக்குள் நுழைகிறது. ஊறுதலிலிருந்து தொடங்கினால் மற்றப் பொருள்கள் தாமாக வரும் என்பது என் கருத்து.

வகுப்பில் நான் முதல் நாள் கேட்கும் கேள்வி: மனிதரும் விலங்கும் அல்லாமல் வேறு எவையெல்லாம் குடிக்கும்? பதில்கள் கொட்டும். பூரி எண்ணெய் குடிக்கும். கத்தரிக்காய் நிறையவே குடிக்கும். பழைய மோட்டார் வண்டி பெட்ரோல் குடிக்கும். மழைக்காலத்தில் மண்சுவர் தண்ணீர் குடிக்கும். புதிதாகச் சுண்ணாம்பு அடிக்கும் சுவர் முதல் கையைக் குடித்துவிடும். "எங்க வயலு தண்ணிய குடிச்சுக்கிட்டே இருக்கும் சார், நிக்கவே நிக்காது" என்றார் மேட்டு நிலக்காரர் வீட்டுப் பையன். தமிழின் 'குடி' என்னும் வினை எவ்வளவு தூரம் நீளும் என்பதைப் பிள்ளைகளே அளந்து காட்டிவிடுகிறார்கள். ஆங்கிலத்தின் 'ட்ரிங்க்' இவ்வளவு நீளாது. பூரி எண்ணெயை 'ட்ரிங்க்' செய்தது என்று ஆங்கிலத்தில் இயல்பாகச் சொல்ல முடியாது. அங்கே 'அப்சார்ப்' அல்லது 'சோக் அப்' வேண்டும். தமிழில் ஒரே சொல் செய்யும் வேலையை ஆங்கிலம் பல சொற்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது என்று சொன்னால் இணைச்சொல் ஏன் இத்தனை என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

இனி விதைக்கு வருவோம். மேல்நிலைத் தாவரவியலில் 'இம்பிபிஷன்' என்பதை 'உள்ளீர்த்தல்' என்று கற்பிக்கிறோம். காய்ந்த விதை நீரை ஈர்த்துப் பருத்தலே உள்ளீர்த்தல். இதற்குத் தஞ்சை மண்ணைவிட நல்ல ஆய்வகம் எங்கே இருக்கிறது? மேட்டூர் அணை 1934இல் பயன்பாட்டுக்கு வந்தது. குறுவைக்காக அதை ஜூன் 12ஆம் நாள் திறப்பது வழக்கம். நீர் இருப்பைப் பொறுத்து இந்த நாள் முன்பின் ஆகும். அந்த நாளை ஒட்டி நாற்றங்கால் வேலை நடக்கும் வீடுகளில் விதைநெல் ஊறிக்கொண்டிருக்கும். உப்புக் கரைசலில் நெல்லைக் கொட்டி, மிதக்கும் பொக்கை விதைகளை நீக்கி, நல்ல நீரில் அலசி, ஒரு நாள் ஊறவைப்பார்கள். பிறகு நீரை வடித்து, சாக்கில் கட்டி, இருட்டில் இன்னொரு நாள் வைப்பார்கள். சாக்கைத் திறந்தால் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். சேமித்த விதைநெல்லில் ஈரப்பதம் 13 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதைத்தரம். முளைவிடும் நேரத்தில் அது ஏறக்குறைய 30 விழுக்காட்டை நெருங்கியிருக்கும். இந்த வேறுபாடு முழுவதும் விதை குடித்த நீர்.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. உள்ளீர்த்தல் உயிரின் வேலை அன்று. அது இயற்பியல் நிகழ்வு. விதையிலுள்ள மாவுப்பொருளும் புரதமும் செல்சுவரும் நீரை ஈர்க்கும் இயல்புடையவை. ஆகவே செத்த விதையும் நீர் குடிக்கும். இதை வகுப்பில் காட்டிவிடலாம். பத்து கிராம் விதைநெல், பத்து கிராம் அவித்துக் காயவைத்த நெல் இரண்டையும் தனித்தனிக் கிண்ணங்களில் ஊறவைக்க வேண்டும். மறுநாள் நீரை வடித்து எடை போட்டால் இரண்டும் கனத்திருக்கும். அதற்கடுத்த நாள் ஒன்றில் மட்டும் முளை இருக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதைச் செய்து பார்த்துவிட்டு எழுதும் ஆங்கில வாக்கியங்களில் 'இம்பைப்' என்ற சொல் எந்த அச்சமுமின்றி உட்காருகிறது. 'போத் சீட்ஸ் இம்பைப்டு வாட்டர், ஒன்லி ஒன் குரூ' என்று ஒரு மாணவி எழுதினார். இதைவிடத் துல்லியமான ஆங்கிலத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

கூடவே கேள்விகளும் முளைக்கும். இட்லிக்கு ஊறவைத்த அரிசி ஏன் முளைப்பதில்லை? அரவையில் உமியோடும் தவிட்டோடும் முளைக்கருவும் போய்விடுகிறது. அரிசி குடிக்கும், முளைக்காது. அரிசியும் உளுந்தும் ஒரே அளவு ஊறவைத்தால் உளுந்து ஏன் அதிகம் பருக்கிறது? மாவுப்பொருளைவிடப் புரதம் அதிக நீரைப் பிடித்துக்கொள்கிறது. ஐப்பசி அடைமழையில் வீட்டுக் கதவு ஏன் சாத்த மறுக்கிறது? மரம் காற்றின் ஈரத்தைக் குடித்துப் பருத்துவிடுகிறது. பாறைப் பிளவில் காய்ந்த மர ஆப்புகளை அடித்து, நீர் ஊற்றிப் பாறையைப் பிளந்த பழைய முறையும் இதே விசையை நம்பியதுதான்.

புழுங்கல் அரிசி இந்தப் பாடத்தின் நடுவில் தானாகவே வந்து நிற்கும். நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்தி, பிறகு அரைப்பது நம் பகுதியின் பழக்கம். ஊறும்போதும் அவியும்போதும் தவிட்டிலுள்ள தயமின் என்னும் பி1 வைட்டமினின் ஒரு பகுதி நீரோடு அரிசியின் உட்பகுதிக்குள் சென்றுவிடுகிறது. அதனால் தீட்டிய பிறகும் புழுங்கல் அரிசியில் அது பச்சரிசியைவிடக் கூடுதலாக நிற்கிறது. அரிசி இங்கே நீரை மட்டும் குடிக்கவில்லை, நீரில் கரைந்ததையும் சேர்த்துக் குடிக்கிறது. சொல்லின் இரண்டாம் பொருளுக்கு, அதாவது நல்லதை உள்வாங்கித் தன்னுள் நிறுத்திக்கொள்வதற்கு, இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குக் கிடைத்ததில்லை.

குடிப்பது எப்போதும் நன்மையும் அன்று. அறுவடைக்கு நிற்கும் சம்பாவில் தை மாதம் மழை கொட்டினால் கதிர் சாய்ந்து, நெல்மணி வயலிலேயே நீர் குடித்து முளைத்துவிடும். அறுத்துக் களத்தில் கொட்டிய நெல்லும் ஈரம் ஏறும். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பதத்துக்கு 17 விழுக்காடு என்பது வழக்கமான வரம்பு. மழை ஆண்டுகளில் தளர்வு கேட்டுக் கோரிக்கை எழுவதும் அதற்காகவே. ஈரமானியில் எண் 20ஐத் தாண்டும்போது அப்பாவின் முகம் எப்படி மாறும் என்று என் வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆனியில் குடும்பமே காத்திருந்த அதே நிகழ்வு, தையில் குடும்பத்தைக் கலங்கவைக்கிறது. ஒரு வினைச்சொல்லைக் கற்பிக்கும்போது இவ்வளவு வேண்டுமா என்று கேட்கலாம். பிள்ளை அந்தச் சொல்லை மறக்கக் கூடாது என்றால் வேண்டும்.

சம்பா அறுவடையின்போது இன்னொரு குடித்தலும் நடக்கிறது. நெல் அறுக்க ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே, நிற்கும் பயிரின் ஊடே உளுந்தோ பச்சைப்பயறோ தெளிப்பார்கள். மண் மெழுகுபோல் இருக்க வேண்டும். நீர் தேங்கினால் விதை அழுகும், காய்ந்தால் முளைக்காது. நெல் மிச்சம் வைத்த ஈரத்தைக் குடித்து விதை எழும். பிறகு அந்த ஈரத்தையும் பின்பனியையும் நம்பியே காய்க்கும். இதை விளக்கச் சொன்னபோது வகுப்பில் எப்போதும் பேசாத மாணவர் ஒருவர் ஐந்து நிமிடம் நிறுத்தாமல் பேசினார். தமிழில்தான் பேசினார். நான் கரும்பலகையில் ஆங்கிலச் சொற்களை மட்டும் எழுதிக்கொண்டே வந்தேன்.

மண்ணும் குடிக்கும் என்பதை விட்டுவிடக் கூடாது. கல்லணையிலிருந்து நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து செல்கிறது. முதல் நாட்களில் காய்ந்த ஆற்றுப்படுகையும் வாய்க்கால்களும் ஒரு பங்கைக் குடித்துவிடும். வெடித்துக் கிடக்கும் களிமண் வயல்கள் இன்னொரு பங்கைக் குடிக்கும். கடைமடைக்காரர்கள் தண்ணீரைப் பார்க்க நாளாவதற்கு இதுவும் ஒரு காரணம். மண் குடிப்பதை ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'அப்சார்ப்' அல்லது 'சோக் அப்' என்பார்கள். 'இம்பைப்' என்றாலும் தவறில்லை, சற்றுப் புத்தக வாடை வரும்.

இப்போது இணைச்சொற்கள். ஒரே பொருளைத் தரும் சொற்கள் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அருகருகே குடியிருக்கும் சொற்கள் என்றால் சரியாக இருக்கும். 'அப்சார்ப்' என்பதும் இலத்தீன் வழியாக வந்ததுதான். அதன் வேர் 'சோர்பெரெ', உறிஞ்சுதல். தமிழின் 'உறிஞ்சு' அப்படியே பொருந்தும். பஞ்சு, துணி, வேர், வெப்பம், ஒளி என்று எதற்கும் அது பொதுவான சொல், எந்த இடத்திலும் உறுத்தாது. தேர்வில் ஐயம் வந்தால் அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். 'சோக்' என்றால் ஊறுதல், ஊறவைத்தல். நாம் நெல்லைச் 'சோக்' செய்கிறோம், நெல் நீரை 'இம்பைப்' செய்கிறது. செய்பவர் மாறுகிறார், நிகழ்வு ஒன்றுதான். 'அசிமிலேட்' என்பதில் ஒப்பு, ஒருமை என்னும் பொருளுடைய வேர் இருக்கிறது. உள்ளே போனதைத் தன்னோடு ஒன்றாக்கிக்கொள்வது, நம் 'தன்மயமாக்குதல்'. உண்ட சோறு உடம்பாவது இதுதான். 'இம்பைப்' உள்ளே போவதோடு நிற்கிறது. 'அசிமிலேட்' அதற்கடுத்த படி.

குடிக்கும் விதத்தைச் சொல்லும் சொற்கள் தனி வரிசை. 'சிப்' என்றால் சிறு மிடறாக உறிஞ்சிக் குடித்தல். 'கல்ப்' என்றால் மடக்கு மடக்கெனக் குடித்தல். 'ஸ்வாலோ' விழுங்குதல். 'குவாஃப்' என்பது பெருமடக்காக மகிழ்ந்து குடிப்பது, நம் 'மாந்து' என்பதற்கு மிக நெருக்கம். கும்பகோணம் டிகிரி காப்பியை டவராவில் ஆற்றி, தம்ளரில் ஊற்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பவர் 'சிப்' செய்கிறார். உச்சிவெயிலில் நடவு வயலிலிருந்து கரையேறி நீராகாரச் சொம்பை எடுப்பவர் 'கல்ப்' செய்கிறார். உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கிறோமே, அதற்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் கிடையாது. விளக்கித்தான் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் இல்லாத ஒன்று தம்மிடம் இருப்பதை அறியும்போது பிள்ளைகளின் முகத்தில் வரும் களிப்பைப் பார்க்கவே நான் இந்த எடுத்துக்காட்டைச் சொல்கிறேன் என்பதை மறைக்கப்போவதில்லை.

தமிழாசிரியரையும் இந்தப் பாடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். உண்ணல், தின்னல், பருகல், நக்கல் என உணவை உட்கொள்ளும் வகைகளை நம் மரபு நான்காகப் பிரித்திருக்கிறது. குடி, பருகு, அருந்து, மாந்து, உறிஞ்சு, உட்கொள் ஆகியவற்றை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்து, எது வீட்டுப் பேச்சு, எது விருந்தினரிடம் சொல்வது, எது மருந்துச் சீட்டில் வருவது, எது செய்யுளுக்கு உரியது என்று பிரிக்கச் சொன்னால் அரைமணி நேரம் போவதே தெரியாது. 'தேநீர் அருந்துகிறீர்களா' என்று அழைப்பவர் வேறு, 'டீ குடிக்கிறியா' என்று கேட்பவர் வேறு. ஆங்கில இணைச்சொற்களுக்குள்ளும் இதே போன்ற படிநிலை இருக்கிறது என்று அவர்களே கண்டுகொள்வார்கள். இரு மொழிகளையும் இப்படி அடுத்தடுத்து வைத்துப் பார்க்க, சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் இன்றும் உதவும். அதன் தலைமைப் பதிப்பாசிரியர் பேராசிரியர் அ. சிதம்பரநாதன் செட்டியார் கும்பகோணத்துக்காரர் என்பது நம் பகுதிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி.

அடுத்தது மனம் குடிப்பது. கல்வியைக் குடித்தலாகக் காண்பது நமக்குப் புதிதன்று. பவணந்தி முனிவர் நன்னூலில் பாடம் கேட்கும் மாணவரின் இயல்பைச் சொல்லுமிடத்தில், தாகமுள்ளவர் நீரைப் பருகும் ஆவலோடு கேட்க வேண்டும் என்கிறார். காதுதான் அங்கே வாய், மனம்தான் நீர் சென்று தங்கும் இடம். ஆங்கிலத்தில் 'இம்பைப் நாலெட்ஜ்' என்று சொல்வது முழுக்க இதுவே. அதே நூலில் மாணாக்கர் வகைகளுக்கு அவர் தரும் உவமைகளிலும் குடித்தல் வருகிறது. அன்னம் பாலைப் பிரித்துக் குடிக்கிறது. எருமை குளத்தைக் கலக்கிவிட்டுக் குடிக்கிறது. ஓட்டைக் குடம் வாங்கியதையெல்லாம் ஒழுகவிடுகிறது. எருமையை நான் கொஞ்சம் ஆதரிப்பவன். கேள்வி கேட்டு வகுப்பைக் கலக்கும் பிள்ளையும் கடைசியில் குடித்துவிட்டுத்தானே போகிறது.

சீகாழியில் பிறந்தவர்களுக்கு இன்னும் நேரான எடுத்துக்காட்டு உண்டு. மூன்று வயதுக் குழந்தையாக இருந்த ஞானசம்பந்தர் கோயில் குளக்கரையில் ஞானப்பால் உண்டு பாடத் தொடங்கினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. குடித்தது பால், உள்ளே போனது அறிவு. சொல்லின் இரு பொருள்களும் ஒரே காட்சியில் கலந்திருக்கின்றன. ஆங்கிலத்திலும் தாய்ப்பாலோடு சேர்த்து ஒன்றை 'இம்பைப்' செய்ததாகச் சொல்லும் வழக்கு உண்டு.

கற்றுக்கொள்வதற்கும் உள்வாங்குவதற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட நான் உ.வே. சாமிநாதையரைச் சொல்வேன். 1855இல் பிறந்தவர், உத்தமதானபுரம் அவருடைய சொந்த ஊர். இளமையில் மாயூரம் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார். 1876இல் பிள்ளை மறையும்வரை உடனிருந்தார். பாடம் கேட்டார், அது 'லேர்ன்'. ஆசிரியர் பாடல் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதுவதைப் பார்த்தும், பிறருக்குப் பாடம் சொல்வதைக் கேட்டும், கூடவே பயணம் செய்தும் தமிழ் அவருக்குள் இறங்கிய விதம் இருக்கிறதே, அது 'இம்பைப்'. பின்னாளில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகி, ஏட்டுச்சுவடிகளைத் தேடிப் பதிப்பித்தபோது அவருக்கு உதவியது இந்த இரண்டும் சேர்ந்த படிப்புதான். இசையிலும் அப்படியே. நம் ஊர் நாகசுரக் கலைஞர்களின் வீட்டுப் பிள்ளைகள் பாடம் தொடங்கும் முன்பே இராகங்களை அடையாளம் கண்டுவிடுவார்கள். 'கேள்வி ஞானம்' என்கிறோமே, ஆங்கில இசை விமரிசனங்களில் குருவின் பாணியை 'இம்பைப்' செய்தார் என்று எழுதுவது அதைத்தான்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். 'இம்ப்யூ' என்று ஒலியில் நெருங்கிய வேறொரு வினை இருக்கிறது. ஆண்டுவிழா மேடைகளில் இரண்டும் அடிக்கடி இடம் மாறிவிடுகின்றன. பண்புகளை 'இம்பைப்' செய்பவர் மாணவர், அவர் உள்வாங்குகிறார். ஒருவருக்குள் பண்பை நிறைப்பது 'இம்ப்யூ', அதன் பின்னால் 'வித்' வரும். நாம் பிள்ளைகளை ஒழுக்கத்தால் 'இம்ப்யூ' செய்யலாம், அவர்களுக்காக நாம் 'இம்பைப்' செய்ய முடியாது. இரண்டாவது, தமிழில் 'உள்வாங்கு' என்று எழுதும்போது கவனம் தேவை. நாகப்பட்டினம், வேதாரண்யம் பகுதிகளில் கடல் உள்வாங்கியது என்றால் நீர் பின்னே சென்றது என்று பொருள். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26க்குப் பிறகு அந்தச் சொல் கடற்கரைப் பள்ளிகளில் வேறு கனத்தோடு ஒலிக்கிறது. அங்கே பணியாற்றும் ஆசிரியர்கள் 'ஈர்த்துக்கொள்' அல்லது 'கிரகித்துக்கொள்' என்று வைத்துக்கொள்ளலாம்.

மது என்னும் பொருளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இன்றைய ஆங்கிலத்தில் செயப்படுபொருள் இல்லாமல் ஒருவர் 'இம்பைப்' செய்தார் என்றால் மது அருந்தினார் என்றே கொள்வார்கள், கொஞ்சம் வேடிக்கைத் தொனியோடு. தமிழிலும் 'அவர் குடிப்பாரா' என்று கேட்டால் தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இரு மொழிகளும் இந்த இடத்தில் ஒன்றுபோலவே நடந்துகொள்வது மொழியியல் நோக்கில் சுவையானது. ஆனால் வகுப்பறையில் அது சுவையான செய்தி மட்டும் அன்று. நம் எதிரில் இருக்கும் பிள்ளைகளில் சிலருக்கு 'குடி' என்ற சொல் மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டில் நடப்பதன் பெயர். ஒரு வகுப்பில் இந்தப் பொருளைச் சொன்னதும் பின்வரிசையிலிருந்து ஒரு பையன் இன்னொருவரின் அப்பாவின் பெயரைச் சொல்லிச் சிரித்தான். சிரிப்பு பரவும் முன் நான் அடுத்த பொருளுக்குத் தாவிவிட்டேன். அந்தப் பிள்ளை அன்று முழுவதும் தலை நிமிரவில்லை. இப்போதெல்லாம் இந்தப் பொருளைக் கடைசியில், ஒற்றை வாக்கியத்தில், எடுத்துக்காட்டு எதுவும் இல்லாமல் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். பெயர் சொல்லச் சொல்லியோ நடித்துக் காட்டச் சொல்லியோ எந்தச் செயல்பாடும் வேண்டாம் என்று உடன் பணியாற்றுபவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். 'குடி' என்பதற்குக் குடும்பம், குலம், ஊர்மக்கள் என்ற பொருள்களும் உண்டு, குடிமகன், குடியரசு எல்லாம் அதிலிருந்து வந்தவை என்று அந்த இடத்தில் தமிழாசிரியர் பேச்சைத் திருப்பினால் இன்னும் நல்லது.

தொடக்கநிலை ஆசிரியர்கள் இந்த ஆங்கிலச் சொல்லைக் கற்பிக்க வேண்டியதில்லை. செயலை மட்டும் கற்பிக்கலாம். ஒரு கைப்பிடிப் பச்சைப்பயறு, ஒரு தம்ளர், அளவுக்கோடு போட ஒரு பேனா போதும். மாலையில் பயறின் மட்டத்தைக் கோடிட்டு நீர் ஊற்றி வைத்தால் காலையில் பயறு கோட்டைத் தாண்டியிருக்கும். 'குண்டாயிடுச்சு' என்று இரண்டாம் வகுப்புக் குழந்தை சொல்வதே போதுமான விளக்கம். 'ட்ரிங்க்', 'வெட்', 'ட்ரை', 'பிக்' என்ற நான்கு சொற்களை அங்கேயே பழக்கிவிடலாம். பத்தாம் வகுப்பில் நாங்கள் 'இம்பைப்' என்று சொல்லும்போது அந்தத் தம்ளர் நினைவுக்கு வரும்.

எதிர்ச்சொல் மிச்சம் இருக்கிறது. உள்ளே எடுப்பதற்கு எதிர் வெளியே விடுவது. 'எக்ஸ்யூட்' என்ற சொல்லைப் பரிந்துரைப்பேன். அதன் இலத்தீன் வேர் வியர்த்தலைக் குறிக்கும், தமிழில் 'கசிதல்' பொருந்தும். முருங்கை மரம் பிசினைக் கசியவிடுகிறது, தோல் வியர்வையைக் கசியவிடுகிறது என்று காட்டலாம். இதைவிட நல்ல காட்சி ஒன்று நம் வயலிலேயே இருக்கிறது. விடியற்காலையில் நாற்றங்கால் பக்கம் போனால் ஒவ்வொரு இலை நுனியிலும் ஒரு துளி நீர் நிற்கும். பனி என்று எல்லாரும் சொல்வோம். பனியும் படிந்திருக்கலாம். ஆனால் நுனியில் மட்டும் ஒழுங்காக நிற்கும் அந்தத் துளி, இரவில் வேர் உறிஞ்சிய நீரைப் பயிரே இலை நுனியிலுள்ள துளைகள் வழியாக வெளியே தள்ளியது. நீர்க்கசிவு என்று பாடநூலில் வரும். இரண்டு நாள் ஊறி முளைத்த அதே விதைதான் இப்போது துளியைக் கசியவிட்டுக்கொண்டு நிற்கிறது. வெயில் ஏறும் முன் பார்த்துவிட வேண்டும் என்று சொல்லி, 'இம்பைப்', 'எக்ஸ்யூட்' இரண்டையும் சேர்த்து ஒரே வாக்கியம் எழுதி வரச் சொல்வது இந்தப் பாடத்துக்கு நான் கொடுக்கும் வீட்டுப்பாடம்.